22 அடிக் கயிறு சொன்ன கணக்கு

'மக்காச்சோளத்துக்கு ஏக்கருக்கு எத்தனை கிலோ விதை வேண்டும்? கொஞ்சம் நெருக்கி ஊன்றினால் மகசூல் கூடுமா?' என்று கேள்வி-பதில் பகுதியில் யாராவது கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். 'வீரிய ஒட்டு ரகம் என்றால் ஏக்கருக்கு 8 கிலோ, இடைவெளி 60-க்கு 25 சென்டிமீட்டர்' என்று பதிலும் வருகிறது. சரியான பதில்தான். நானும் அதைப் படித்தவன்தான். படித்துவிட்டு அதன்படி செய்யாமல், என் மனைவியின் சங்கிலி ஒரு வருஷத்துக்கு மேல் அடகில் கிடக்கக் காரணமாக இருந்தவன். அந்த ஒரு வரிப் பதிலுக்குப் பின்னால் என்ன கணக்கு இருக்கிறது என்பதை, பட்டுத் தெரிந்துகொண்டவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் விருத்தாசலத்திலிருந்து வேப்பூர் போகும் ரோட்டில், கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. செம்மண்ணும் கரிசலும் மாறி மாறி வரும் பூமி. எனக்கு 2 ஏக்கர் கொல்லை. ஆனால் நான் சின்ன வயசிலிருந்தே விவசாயம் பார்த்தவன் இல்லை. விருத்தாசலம் என்றால் வெளியூர்க்காரர்களுக்குப் பழமலைநாதர் கோயில் தெரியும்; அடுத்தபடியாகப் பீங்கான் தெரியும். கார்த்திகை தீபத்துக்கு அகல், நவராத்திரிக்குக் கொலு பொம்மை என்று இங்கிருந்து பல ஊர்களுக்குப் போகிறது. அப்படி ஒரு பொம்மைப் பட்டறையில் 14 வருஷம் சூளை அடுக்கும் வேலை செய்தேன். என் மனைவி அதே பட்டறையில் பொம்மைக்கு வண்ணம் தீட்டினாள். 2012-இல் அப்பா தவறிய பிறகு, கொல்லையைச் சும்மா போட மனசு வராமல் ஊருக்கு வந்தோம்.

அப்பா காலத்தில் மல்லாட்டை, கம்பு, உளுந்துதான். மல்லாட்டை பிடுங்கவும் ஆயவும் ஆள் கிடைக்காமல் போனபோது, ஊரே மக்காச்சோளத்துக்கு மாறியது. நானும் மாறினேன். நாமக்கல் கோழிப்பண்ணைகள் இருக்கும்வரை மக்காச்சோளத்துக்கு வியாபாரம் உண்டு. விருத்தாசலம் ஒழுங்குமுறை விற்பனைக் கூடமும் பக்கத்திலேயே இருக்கிறது. முதல் சில வருஷங்கள் குறை ஒன்றும் இல்லை.

புழுவுக்கு ஒரு பங்கு

2018-இல் படைப்புழு வந்தது. அமெரிக்காவைச் சேர்ந்த பூச்சி அது. அந்த வருஷம்தான் கர்நாடகத்தில் சிவமொக்கா பக்கம் முதலில் கண்டுபிடித்தார்கள். சில மாதங்களிலேயே எங்கள் கொல்லைக்கும் வந்துவிட்டது. காலையில் போய்ப் பார்த்தால் குருத்து முழுக்க ஓட்டை. உள்ளே மரத்தூளை அள்ளிப் போட்ட மாதிரி எச்சம். மருந்து எது, எப்போது, எங்கே அடிப்பது என்று எங்கள் ஊரில் ஒருவருக்கும் தெரியவில்லை. பாதிக் கொல்லையை மாட்டுக்கு அறுத்துப் போட்டோம்.

அடுத்த வருஷம், 2019 கார்த்திகையில், நான் ஒரு முடிவுக்கு வந்தேன். 'எப்படியும் மூன்றில் ஒன்றைப் புழு தின்னும். அதற்கும் சேர்த்து ஊன்றிவிட்டால், அது தின்றது போக நமக்கு வேண்டியது மிஞ்சும்.' கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. வரிசைக்கு வரிசை 2 அடி, செடிக்குச் செடி அரை அடி. அதாவது சதுர அடிக்கு ஒரு செடி. 2 ஏக்கருக்கு 4 கிலோ பை நான்கு போதும். நான் ஏழு வாங்கினேன். விதை, உரம், உழவு, ஆள்கூலி என்று கையில் இருந்தது போதவில்லை. சங்கிலி அடகுக்குப் போனது.

ஊன்றும் அன்று மனைவிதான் கேட்டாள்.

"என்னங்க, இம்புட்டு கிட்டக்கிட்டப் போடுறீங்க? வளந்தா மூச்சு விட வேணாமா?"

"புழு பங்கு போவ மிச்சம்தான் நமக்கு. நீ ஊன்டு."

"சூளையில இப்படி அடுக்குவீங்களா நீங்க?"

நான் பதில் சொல்லவில்லை. சூளை வேறு, கொல்லை வேறு என்று நினைத்துக்கொண்டேன்.

பக்கத்துக் கொல்லை பங்காளியுடையது. எனக்குப் பெரியப்பா மகன், அண்ணன் முறை. அவருக்கும் 2 ஏக்கர்தான். எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே போர். ஒருநாள் அவர் முறை, ஒருநாள் என் முறை. அதே வாரத்தில், அதே கம்பெனி விதையை, வரிசை 2 அடி, செடிக்குச் செடி 10 அங்குலம் என்று முடிச்சுப் போட்ட கயிறு பிடித்து ஊன்றினார். நான் வரப்பில் நின்று, "அண்ணே, நடுவுல மாடு கட்டலாம் போல இருக்கே" என்று சிரித்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை.

காடு மாதிரி இருந்தது

புழு அந்த வருஷமும் வந்தது. ஆனால் அதற்குள் எங்களுக்குக் கொஞ்சம் விவரம் தெரிந்திருந்தது. விதை நேர்த்தி செய்திருந்தோம். குருத்தில் விழும்படி மருந்து அடித்தோம். புழு மூன்றில் ஒரு பங்கைத் தின்னவில்லை. நூற்றில் சில செடிகளோடு நின்றது. சின்னப் புழு நூல் விட்டு, காற்றில் மிதந்து பக்கத்துச் செடிக்குப் போகும். என் கொல்லையில் அடுத்த செடி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. 30 நாளுக்கு மேல் ஸ்பிரேயரை முதுகில் மாட்டிக்கொண்டு உள்ளே நுழையவும் முடியவில்லை. இலையெல்லாம் முகத்தில் அறுத்தது. புழுவுக்குப் பயந்து நெருக்கியது, புழுவை விரட்டுவதற்கே இடைஞ்சலாகிவிட்டது.

ஆனாலும் பார்வைக்கு என் கொல்லைதான் அழகு. கரும்பச்சை, தலைக்கு மேல் உயரம், உள்ளே வெளிச்சமே இல்லை. வழியில் போகிறவர்கள் நின்று, "காடு மாதிரி இருக்குப்பா" என்றார்கள். அண்ணன் கொல்லை ரோட்டிலிருந்து பார்த்தால் பூஞ்சையாகத் தெரிந்தது. அந்தப் பெருமை எனக்குத் தை பிறக்கும்வரை இருந்தது.

பூ எடுக்கும் நேரத்தில் போரில் தண்ணீர் இறங்கிவிட்டது. மோட்டார் ஒன்றரை மணி நேரம் ஓடியதும் காற்று வாங்கியது. இரண்டு பேருக்கும் கிடைத்தது அதே ஒன்றரை மணி நேரத் தண்ணீர்தான். அவர் கொல்லையில் அதைக் குடிக்க ஏக்கருக்கு 26,000 செடி. என் கொல்லையில் 42,000.

மக்காச்சோளத்தில் உச்சியில் ஆண் பூ, இடுப்பில் கதிர். கதிரிலிருந்து வெளியே நீட்டும் பட்டுநூல் ஒவ்வொன்றும் ஒரு மணிக்கு உரியது. மேலிருந்து மகரந்தத் தூள் விழுந்தால்தான் அந்த நூலுக்குரிய மணி பிடிக்கும். நெருக்கத்தாலோ தண்ணீர்க் குறைவாலோ செடி தவித்தால், ஆண் பூ ஏறக்குறைய அதன் நாளில் வந்துவிடும், பட்டுநூல்தான் பிந்தும். என் கொல்லையில் அதுதான் நடந்தது. தூள் கொட்டி முடிந்த பிறகு பல செடிகளில் நூல் எட்டிப் பார்த்தது. சில செடிகளில் நூலே வரவில்லை, கதிரே வைக்கவில்லை.

அண்ணன் கொல்லையில் திருட்டுத்தனமாக

பால் பிடித்து மணி முற்றும் சமயம். ஒருநாள் சாயங்காலம், அண்ணன் வீட்டுக்குப் போன பிறகு, கயிற்றை எடுத்துக்கொண்டு அவர் கொல்லைக்குள் இறங்கினேன். முன்பு ஒரு பயிற்சியில் கேட்ட கணக்கு நினைவுக்கு வந்தது. ஏக்கர் 43,560 சதுர அடி. அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு சுமார் 43 அரை சதுர அடி. வரிசைக்கு வரிசை 2 அடி என்றால், ஒரு வரிசையில் 22 அடி நீளம் அளந்தால் கிட்டத்தட்ட அந்த 43 அரை சதுர அடி வந்துவிடும். அந்த 22 அடிக்குள் எத்தனை செடி நிற்கிறதோ, அத்தனை ஆயிரம் செடி ஒரு ஏக்கரில் நிற்கிறது என்று அர்த்தம்.

எண்ணிக்கொண்டிருக்கும்போதே பின்னால் குரல்.

"என்னடா, எங் கொல்லைய அளந்து பட்டா போட்டுக்கப் போறியா?"

கைகால் ஓடவில்லை. உண்மையைச் சொன்னேன். அவர் திட்டுவார் என்று நினைத்தேன். "குடு கயித்த, ஒரு முனையப் புடிக்கிறேன்" என்று வந்து பிடித்துக்கொண்டார். அவர் கொல்லையில் ஐந்து இடத்தில், என் கொல்லையில் ஐந்து இடத்தில் எண்ணினோம். இருட்டும்வரை எண்ணினோம்.

சராசரி இப்படி வந்தது. அவர் கொல்லையில் 22 அடிக்கு 26 செடி, 25 நல்ல கதிர். என் கொல்லையில் 42 செடி. அதில் கதிர் என்று சொல்லும்படி இருந்தது 29. மீதி 13 செடி வெறும் தட்டை. தண்ணீர் குடித்தது, உரம் தின்றது, நிழல் கட்டியது, ஒரு மணிகூடத் தரவில்லை. அந்த 29 கதிரிலும் நுனி இரண்டு மூன்று அங்குலம் மணி பிடிக்காமல் வெள்ளையாக இருந்தது. நாலைந்து கதிரை உரித்துக் காயவைத்து எடை போட்டோம். அவருடைய கதிரில் சராசரி 110 கிராம் மணி. என்னுடையதில் 60 கிராம்.

கணக்கைப் பாருங்கள். 25 கதிர், 110 கிராம் வீதம் 2 கிலோ 750 கிராம். அதை ஆயிரத்தால் பெருக்கினால் ஏக்கருக்கு 27 மூட்டை. 29 கதிர், 60 கிராம் வீதம் 1 கிலோ 740 கிராம். ஏக்கருக்கு 17 மூட்டை. அறுவடை முடிந்தபோது அப்படியேதான் வந்தது. 2 ஏக்கரில் அவருக்கு 53 மூட்டை, எனக்கு 34. மணி சிறுத்திருந்ததால் எனக்கு விலையும் குறைத்துக் கேட்டார்கள். அது 2020 மாசி. கோழி தின்றால் கொரோனா வரும் என்று வதந்தி பரவி, கோழிப்பண்ணைகள் தவித்துக்கொண்டிருந்த நேரம். அடக்கவிலைக்கே அல்லாடினேன். சங்கிலியை மீட்க முடியவில்லை.

சூளையில் தெரிந்தது, கொல்லையில் தெரியவில்லை

அன்று ராத்திரி சாப்பிட உட்கார்ந்தபோது மனைவி ஒன்றும் கேட்கவில்லை. நானாகத்தான் சொன்னேன். "நீ சூளையில இப்படி அடுக்குவீங்களான்னு கேட்ட இல்ல?"

"ம்."

"அடுக்க மாட்டேன்."

சூளை அடுக்கியவர்களுக்குத் தெரியும். தட்டு மேல் தட்டு வைத்து, பொம்மைக்கும் பொம்மைக்கும் நடுவே விரல் போகிற அளவு சந்து விட வேண்டும். பளபளப்புப் பூச்சு சூட்டில் உருகும். ஒன்றோடு ஒன்று தொட்டுக்கொண்டிருந்தால் ஒட்டிக்கொண்டு வரும். சந்து இல்லாவிட்டால் அனல் நடுவே போகாது. ஓரத்தில் இருப்பது வெந்து, நடுவில் இருப்பது வேகாமல் நிற்கும். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு கொலு சீசனில், அவசரத்துக்கு நூறு பொம்மையைக் கூடுதலாகத் திணித்தேன். திறந்து பார்த்தபோது கழிவுக் குழிக்குப் போனது நூறைவிட அதிகம். அதன் பிறகு 14 வருஷத்தில் ஒருநாளும் திணித்ததில்லை. சூளைக்கு அனல் என்பது, கொல்லைக்குத் தண்ணீரும் உரமும் வெயிலும். இருக்கிற அளவுக்குத்தான் அடுக்க வேண்டும். 14 வருஷம் கையால் செய்த வேலையை, சொந்தக் கொல்லைக்கு வந்ததும் மறந்துவிட்டேன். காரணம் பயம்தான். பயந்துபோய் ஊன்றிய விதை அது.

உரக் கணக்கையும் அன்றுதான் போட்டேன். வீரிய ஒட்டு மக்காச்சோளத்துக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகப் பரிந்துரை எக்டேருக்கு 250:75:75. ஏக்கருக்கு என்றால் 100 கிலோ தழைச்சத்து, 30 கிலோ மணிச்சத்து, 30 கிலோ சாம்பல்சத்து. அந்த 100 கிலோ தழைச்சத்தை 26,000 செடிக்குப் பிரித்தால் செடிக்கு 4 கிராம் அளவுக்கு வரும். 42,000-க்குப் பிரித்தால் இரண்டரை கிராம்கூட வராது. செடியை ஒன்றரை மடங்கு ஆக்கினேன், சாப்பாட்டை ஏற்றவில்லை. ஏற்றியிருந்தாலும் தண்ணீருக்கு எங்கே போவேன்?

அமெரிக்காவில் மட்டும் எப்படி?

இதைச் சொன்னால் படித்த பிள்ளைகள் விடுவதில்லை. என் தங்கை மகன் செல்போனில் ஒரு வீடியோவைக் காட்டினான். "மாமா, அமெரிக்காவுல ஏக்கருக்கு 32,000 செடி வெக்கிறாங்க. நீங்க என்னமோ 26,000-க்கே மேல வேணாங்கிறீங்க."

அவன் கேட்டது நல்ல கேள்வி. அதற்காகக் கொஞ்சம் விசாரித்தேன். அமெரிக்காவிலும் 1930-களில் ஏக்கருக்குச் சுமார் 12,000 செடிதான். வரிசைக்கு வரிசை 40 அங்குலத்துக்கு மேல் விட்டார்கள்; நடுவே குதிரை நடந்து களை ஓட்ட வேண்டுமே! டிராக்டரும் களைக்கொல்லியும் வந்த பிறகு வரிசை 30 அங்குலமாகக் குறுகியது. செடி எண்ணிக்கை 30,000-ஐத் தாண்டியது. அங்கே டொனால்ட் டூவிக் என்று ஒரு பயிர்ப்பெருக்க விஞ்ஞானி, பழைய வீரிய ஒட்டு ரகங்களையும் புதியவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் பயிரிட்டுப் பார்த்தார். தாராளமாக இடம் விட்டு வளர்த்தால் பழைய ரகத்துக்கும் புதிய ரகத்துக்கும் ஒரு செடி தரும் மகசூலில் பெரிய வித்தியாசம் இல்லை. புதிய ரகத்தின் பலம், நெருக்கத்திலும் பட்டினியிலும் கதிர் வைக்கத் தவறாமல் இருப்பதுதான். அந்தக் குணத்தைச் சேர்க்க அவர்களுக்குப் பல பத்தாண்டுகள் ஆயின. அத்தோடு ஆழமான மண், கோடை மழை, வேண்டிய அளவு உரம்.

ஆகவே நெருக்கம் தப்பு என்று நான் சொல்லவில்லை. இலை விறைப்பாக மேல்நோக்கி நிற்கும் ரகம், சொட்டுநீரோடு உரம், பூ எடுக்கும்போதும் பால் பிடிக்கும்போதும் நிச்சயமான தண்ணீர் என்று மூன்றும் இருந்தால் 8 அங்குலத்துக்கு வரலாம். மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும், கூட வைத்த செடி நமக்குத் தட்டையாகத்தான் திரும்பி வரும். தட்டையே வேண்டும் என்றால் அது வேறு கதை. தீவன மக்காச்சோளத்தை 30-க்கு 15 சென்டிமீட்டரில் நெருக்கித்தான் விதைக்கிறோம். அங்கே நமக்குக் கதிர் வேண்டாம்.

அதற்காக ரொம்ப விலக்கிப் போடுவதும் நஷ்டம்தான். நெல் நாற்று நாலு குறைந்தால் பக்கத்துக் குத்து தூர் கட்டி இடத்தை நிரப்பிக்கொள்ளும். மக்காச்சோளம் ஒற்றைத் தண்டு. பெரும்பாலும் ஒற்றைக் கதிர். போன இடம் போனதுதான். அந்த இடத்தில் களை வரும். நெருக்கினாலும் நஷ்டம், விலக்கினாலும் நஷ்டம் என்பதால்தான் இந்தப் பயிரில் எண்ணிக்கை இவ்வளவு முக்கியம்.

2021-இல் பார்த்தது

நிவர், புரெவி என்று இரண்டு புயல் வந்து போன பிறகு, 2021 தை கடைசியில் மறுபடி மக்காச்சோளம் ஊன்றினேன். போரில் தண்ணீருக்குக் குறை இல்லை. கொல்லையை மூன்றாகப் பிரித்தேன். வரிசை எல்லாவற்றுக்கும் 2 அடி. செடிக்குச் செடி ஒரு பகுதியில் 8 அங்குலம், ஒன்றில் 10, ஒன்றில் 12. அண்ணன்தான் கயிற்றின் மறுமுனை.

தண்ணீர் நன்றாகப் பாய்ந்த மேல்பக்கத்தில் 8 அங்குலமும் 10 அங்குலமும் ஏறக்குறைய ஒரே மகசூல். ஆனால் 8 அங்குலத்தில் விதைச்செலவு கூடுதல். தண்டு மெலிந்து, சித்திரைக் காற்றில் சில வரிசைகள் சாய்ந்தன. கடைசியாகத் தண்ணீர் போய்ச் சேரும் கீழ்மூலையில் சரளை மண். அங்கே மூன்று இடைவெளியிலும் கொஞ்சம் கொஞ்சம் போட்டிருந்தேன். 12 அங்குலம்தான் நல்ல கதிர் கொடுத்தது. ஒரே கொல்லைக்குள்ளேயே ஒரே இடைவெளி பொருந்தவில்லை. இப்போது மேல்பக்கம் 10, கீழ்மூலை 12 என்றுதான் ஊன்றுகிறேன். அந்த வருஷ விளைச்சலில் சங்கிலி வீட்டுக்கு வந்தது.

இந்தக் கேள்வியைக் கேட்கும் வாசகர்களுக்கு

விதை வாங்கியதும் 100 விதையை எண்ணி, நகைக்கடைத் தராசு இருந்தால் எடை போடுங்கள். ரகத்துக்கு ரகம் மணியின் பருமன் மாறும். 100 விதை 30 கிராம் இருந்தால், 8 கிலோவில் சுமார் 26,700 விதை. 25 கிராம்தான் என்றால் அதே 8 கிலோவில் 32,000. எனவே கிலோவை மட்டும் நம்பாமல் எண்ணிக்கையைப் பாருங்கள்.

கயிற்றில் 10 அங்குலத்துக்கு ஒரு முடிச்சு போட்டு, முடிச்சுக்கு நேரே ஊன்றச் சொல்லுங்கள். ஆள்கூலிக்கு ஊன்றுபவர்கள் கண்மட்டத்தில் போட்டால் ஓரிடத்தில் ஆறு அங்குலம், ஓரிடத்தில் ஓரடி என்று வரும். இரண்டு விதை விழுந்த குழியில் 12 முதல் 15 நாளுக்குள் நல்ல செடி ஒன்றை விட்டு மற்றதைக் கலைத்துவிடுங்கள். பிடுங்க மனசு வராது; எனக்கும் வராது. 15-ஆம் நாள் பிடுங்காத செடி 50-ஆம் நாள் பக்கத்துச் செடியின் கதிரைப் பிடுங்கிக்கொள்ளும்.

முளைக்காத இடத்தில் பாடு நிரப்புவது என்றால் முளைப்பு தெரிந்த உடனே ஊறவைத்த விதையைப் போட்டுத் தண்ணீர் ஊற்றுங்கள். மூன்று வாரம் கழித்துப் போட்ட விதை பெரிய செடியின் நிழலில் வெளிறி நிற்கும், கதிர் வைக்காது. அது செடி இல்லை, களை.

புழுவுக்காகக் கூடுதல் செடி வேண்டாம். கடைசி உழவில் வேப்பம் பிண்ணாக்கு, விதை நேர்த்தி, வரப்போரம் தட்டைப்பயறு, எள், சூரியகாந்தி, 10 வரிசைக்கு ஒரு முறை 75 சென்டிமீட்டர் நடைபாதை என்று பரிந்துரை இருக்கிறது. இதில் நடைபாதையைத்தான் நான் பெரிதாகச் சொல்வேன். ஆள் உள்ளே போய்க் குருத்தைப் பார்க்க வழி இருந்தால்தான் புழு சின்னதாக இருக்கும்போதே கண்ணில் படும்.

20-ஆம் நாள் வாக்கில் கயிற்றோடு இறங்கி ஐந்து இடத்தில் எண்ணுங்கள். வரிசை 2 அடி என்றால் 22 அடிக் கயிறு. இரண்டரை அடி என்றால் பதினேழரை அடி. ஒன்றரை அடி என்றால் 29 அடி. ரோட்டோரம் மட்டும் எண்ணாதீர்கள். அங்கே எப்போதும் நன்றாகத்தான் இருக்கும். கதிர் முற்றும்போது அதே ஐந்து இடத்தில் கதிரை எண்ணுங்கள். செடிக்கும் கதிருக்கும் இடையே எத்தனை குறைகிறதோ, அத்தனை ஆயிரம் செடிக்கு நீங்கள் வீணாகத் தண்ணீர் கட்டியிருக்கிறீர்கள். 26-க்கு 25 வந்தால் உங்கள் தண்ணீருக்கும் உரத்துக்கும் அந்த எண்ணிக்கை பொருந்துகிறது. நாலைந்து குறைந்தால், அடுத்த பட்டத்தில் ஒரு அங்குலம், இரண்டு அங்குலம் விலக்கிப் பாருங்கள். எல்லாச் செடியும் பெரிய பெரிய கதிராக வைத்து, சிலவற்றில் இரண்டாம் கதிரும் வந்தால், கொஞ்சம் நெருக்க இடமிருக்கிறது.

இந்த ஐப்பசியிலும் கயிறு பிடித்தோம். அண்ணனுக்கு முட்டி வலி, குனிய முடியவில்லை. ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டார். மறுமுனை என் மனைவி. முடிச்சுக்கு முடிச்சு ஊன்றிக்கொண்டே போனேன். ஓரிடத்தில் கை தவறி இரண்டு விதை விழுந்ததை வரப்பிலிருந்தே பார்த்துவிட்டார்.

"டேய், ஒன்ன எடு. மாடு கட்ட எடம் வேணும்."

மனைவி சிரித்துவிட்டாள். நான் எடுத்துவிட்டேன்.